வாசகர் கேள்வி–பதில்: புவி வெப்பமாதலும் தீராத வழக்குகளும்

சென்ற இதழின் கோடை வெப்பக் கட்டுரையில், பூமி சூடாவதற்கு மனிதர்களே காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டோம். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் ஏராளம். ஒரு பாதி, காரணத்தையே ஏற்காதவை. மறு பாதி, காரணத்தை ஏற்றுக்கொண்டு, ‘பழியும் செலவும் எங்கள் தலையில் ஏன்?’ என்று கேட்பவை. முதல் பாதிக்கு அளந்து பார்த்துச் சொல்லக்கூடிய பதில்கள் இருக்கின்றன. இரண்டாம் பாதியில் நேர்மையானவர்களே இரண்டு பக்கமும் நிற்கலாம். இரண்டையும் ஒரே சண்டையாக்கிப் பேசுவதுதான் எங்களுக்கு எரிச்சல். பணக்கார நாடுகள் பணம் தர மறுப்பதைக் காட்டி ‘வெப்பமாதலே கட்டுக்கதை’ என்பவர்களும் இருக்கிறார்கள். நெல் விவசாயி தன் நியாயத்தைக் கேட்டால் ‘அறிவியலை மறுக்கிறார்’ என்பவர்களும் இருக்கிறார்கள்.

கே: மனிதர்கள் விடும் கரியமில வாயுவைப்போல ஏறக்குறைய 20 மடங்கு இயற்கையே விடுகிறதாமே. கடல், காடு, எரிமலை எல்லாம் இருக்க, மனிதர்களை மட்டும் குற்றம் சொல்வது ஏன்?
– ப.இரா., தஞ்சாவூர்

ப: அந்த 20 மடங்கு ஏறக்குறைய சரியான எண்தான். ஆனால் அது பாஸ்புக்கில் ஒரு பக்கத்தை மட்டும் படிப்பது. காடும் கடலும் எவ்வளவு விடுகின்றனவோ, அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட் ஆகியவற்றிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயு. காடழிப்பு முதலியவற்றிலிருந்து இன்னும் ஒரு 400 கோடி. மொத்தம் 4,100 கோடி டன். காற்றில் இந்த வாயுவின் அளவு பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 1 பிபிஎம், கூட வேண்டுமானால் சுமார் 780 கோடி டன் சேர வேண்டும். ஆக நாம் விடுவது அப்படியே தங்கினால் ஆண்டுக்குச் சுமார் 5.3 பிபிஎம் ஏற வேண்டும். ஆனால் சமீப ஆண்டுகளில் ஏறுவது சராசரியாக 2.5 பிபிஎம் மட்டுமே. மீதியை எடுத்துக்கொண்டது கடலும் காடும். வெளியே விடுவதைவிட அதிகமாக உள்ளே எடுக்கிற ஒன்று, காற்றில் ஏறும் அளவுக்குக் காரணமாக இருக்க முடியாது. தொழிற்புரட்சிக்கு முன் 280 பிபிஎம். ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது 315. 2024-ன் சராசரி சுமார் 424.

இந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லையென்றால் இன்னும் மூன்று சாட்சிகள். ஒன்று, கார்பன்-14, அதாவது கதிரியக்கத்தால் நாளடைவில் சிதைந்துபோகும் கார்பன் வகை. இதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 5,730 ஆண்டுகள். கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியில் இது மிச்சமே இராது. காற்றில் அதன் விகிதம் நீர்த்துப்போவதை மர வளையங்களை வைத்து ஹான்ஸ் சூயஸ் 1955-லேயே காட்டிவிட்டார். இரண்டு, கார்பன்-13 என்ற சற்றுக் கனமான கார்பன் வகை. செடிகொடிகள் இலேசான கார்பனையே விரும்பி எடுப்பதால், அவற்றிலிருந்து உண்டான எரிபொருளிலும் கார்பன்-13 குறைவு. காற்றிலும் அது குறைந்து வருகிறது. கடலிலிருந்தோ எரிமலையிலிருந்தோ வந்திருந்தால் இப்படிக் குறையாது. மூன்று, ஆக்சிஜன். எதை எரித்தாலும் ஆக்சிஜன் செலவாகும். எரிமலை வாயுவை விடும்போது ஆகாது. கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங் 1990-ஐ ஒட்டி அளக்கத் தொடங்கினார். எரிபொருள் எரிவதற்கு ஏற்ற அளவில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே வருகிறது. மூச்சு முட்டும் அளவுக்கு இல்லை, பயப்பட வேண்டாம். எரிமலைகளின் பங்கு, மனிதர்கள் விடுவதில் நூற்றில் ஒன்றுகூட இல்லை.

கே: காற்றில் 0.04 சதவீதம் மட்டுமே இருக்கும் வாயு பூமியையே சூடாக்குமா?
– செ.மு., விருதுநகர்

ப: உலர்ந்த காற்றில் 99 சதவீதமாக இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் வெப்பக் கதிர்களைத் தடுப்பதே இல்லை. அந்த வேலைக்கு அவை கணக்கில் வரா. தடுக்கக்கூடியவை நீராவி, கரியமில வாயு, மீத்தேன் போன்ற சிலவே. யூனிஸ் ஃபூட் 1856-லும், ஜான் டிண்டால் 1859 முதலும் சோதனைச் சாலையில் பார்த்த விஷயம் இது. நீராவிதான் பெரிய தடுப்பு என்பது உண்மை. ஆனால் அது ஒன்றிரண்டு வாரத்தில் மழையாக இறங்கிவிடும். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாகத் தங்கும். தானாகத் தொடங்காது, தொடங்கியதைப் பெரிதாக்கும். கரியமில வாயுவோ நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும்.

கே: சூரியன் சூடேறியிருக்கலாம் அல்லவா?
– லதா, கோவை

ப: 1978 முதல் செயற்கைக்கோள்கள் நேராக அளந்து வருகின்றன. 11 ஆண்டுச் சுழற்சியில் 0.1 சதவீத ஏற்ற இறக்கம் இருக்கிறது. நீண்டகால ஏற்றம் இல்லை. இன்னொரு தடயம், உயரத்தில் இருக்கிறது. சூரியனால் சூடு என்றால் மேலடுக்கான ஸ்ட்ராட்டோஸ்பியரும் சூடாக வேண்டும். கரியமில வாயு என்றால் கீழே சூடாகி மேலே குளிர வேண்டும். சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967-ல் இதைக் கணித்தார்கள். மேலே குளிர்ந்துதான் வருகிறது. அதில் ஓசோன் குறைந்ததற்கும் பங்கு உண்டு. ஆனால் ஓசோன் பாதிப்பு அதிகமில்லாத இன்னும் உயரமான அடுக்குகளிலும் அதே குளிர்ச்சிதான்.

கே: செயற்கைக்கோள் அளவுகளில் வெப்பமே ஏறவில்லை என்று ஒரு வரைபடம் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. அது போலியா?
– ஆர்.வி., சென்னை-41

ப: போலி அல்ல, பழசு. இந்த வழக்கின் கதை விவரமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது.

செயற்கைக்கோளில் வெப்பமானி கிடையாது. காற்றிலுள்ள ஆக்சிஜன் உமிழும் நுண்ணலைகளை 60 கிகாஹெர்ட்ஸ் அருகே ஒரு கருவி அளக்கிறது. அதிலிருந்து வெப்பநிலையைக் கணக்கிட்டு எடுக்க வேண்டும். 1978 கடைசியிலிருந்து பறந்த பல செயற்கைக்கோள்களை ஒன்றோடொன்று ஒட்டித்தான் ஒரே கோடாக்குகிறார்கள். ஒட்டுகிற இடத்தில் வரும் சிறு பிழை, பத்தாண்டுக்கு 0.1 டிகிரி என்ற அளவில் தேடுபவருக்குப் பெரும் பிழை.

அமெரிக்காவின் நாசாவில் இருந்த ராய் ஸ்பென்சரும் அலபாமா பல்கலைக்கழகத்தின் ஜான் கிறிஸ்டியும் 1990-ல் இந்த அளவுகளை வெளியிட்டார்கள். 1990-கள் முழுக்க, பூமி சூடாகவில்லை என்பதற்கு அதுவே பெரிய ஆதாரமாகக் காட்டப்பட்டது. 1998-ல் வென்ட்ஸ், ஷாபெல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். மேல்காற்றின் உராய்வால் செயற்கைக்கோள் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. இறங்க இறங்கக் கருவி பார்க்கும் கோணம் மாறி, இல்லாத குளிர்ச்சியைக் காட்டுகிறது. 2005-ல் மியர்ஸும் வென்ட்ஸும் இரண்டாவது பிழையைக் கண்டார்கள். செயற்கைக்கோள் ஓர் இடத்தைக் கடக்கும் உள்ளூர் நேரம் ஆண்டுக்காண்டு நகர்கிறது. பிற்பகல் 2 மணிக்குப் பார்த்துக்கொண்டிருந்தது மாலை 4 மணிக்குப் பார்த்தால் குளிர்ச்சியாகத்தானே தெரியும்? இதற்குச் செய்த திருத்தத்தில் கூட்டல் இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் இருந்தது. ஸ்பென்சரும் கிறிஸ்டியும் அதை ஏற்றுத் திருத்தினார்கள். அவர்கள் இன்றும் ஐயப்பாட்டாளர்கள்தான்; ஆனால் அவர்களுடைய கோடே இப்போது பத்தாண்டுக்குச் சுமார் 0.15 டிகிரி ஏறுகிறது. நிலத்திலும் கடலிலும் வெப்பமானி வைத்து அளப்பவர்களின் எண் சுமார் 0.2.

அடுத்து ஏதாவது வரைபடம் வந்தால், முதலில் அது எந்த ஆண்டில் தொடங்குகிறது என்று பாருங்கள். 1998 பெரிய எல் நினோ ஆண்டு, அதாவது பசிபிக் கடல் சூடேறி உலக வெப்பத்தைத் தற்காலிகமாக உயர்த்திய ஆண்டு. அங்கே தொடங்கி 2012-ல் முடித்தால் எந்தக் கோடும் தட்டையாகத்தான் வரும். பிறகு, காற்றின் எந்த அடுக்கு என்று பாருங்கள்; ஸ்ட்ராட்டோஸ்பியரின் குளிர்ச்சியைக் காட்டி ‘பூமி குளிர்கிறது’ என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். ஒரே நகரமா, ஒரு நாடா, முழு உலகமா என்பதும், எந்தச் சராசரியிலிருந்து ஏற்ற இறக்கம் கணக்கிட்டார்கள் என்பதும் அடுத்தவை. 30 ஆண்டுக்குக் குறைந்த கோட்டை வைத்துப் பருவநிலை பேசுவதில் பயனில்லை. இந்தச் சோதனை நமக்குப் பிடித்த வரைபடங்களுக்கும் பொருந்தும்.

நகரங்களின் சூடுதான் வெப்பமானிகளில் ஏறுகிறது என்ற வாதத்துக்கும் இங்கேயே பதில். அந்தச் சந்தேகத்தோடு பெர்க்லியில் ரிச்சர்ட் முல்லர் என்ற இயற்பியலாளர் 2010-ல் தனியாக ஒரு குழு அமைத்து, எல்லாப் பதிவுகளையும் புதிதாகக் கணக்கிட்டார். செலவில் ஒரு பகுதியைக் கொடுத்தது, எண்ணெய்த் தொழிலில் உள்ள கோக் குடும்பத்தின் அறக்கட்டளை. வந்த விடை பழைய விடையேதான்.

கே: 97 சதவீத விஞ்ஞானிகள் ஏற்கிறார்கள் என்பது உண்மையா?
– ஜோ., நாகர்கோவில்

ப: அந்த எண் 2013-ல் ஜான் குக் குழு வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அவர்கள் எண்ணியது விஞ்ஞானிகளின் தலைகளை அல்ல. 1991 முதல் 2011 வரை வந்த 11,944 கட்டுரைகளின் சுருக்கங்களை. அவற்றில் 66.4 சதவீதம் காரணம் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. 32.6 சதவீதம் மனிதர்கள் காரணம் என்றன. 0.7 சதவீதம் மறுத்தன. 0.3 சதவீதம் உறுதியில்லை என்றன. கருத்துச் சொன்னவற்றுள் எவ்வளவு என்று பார்த்தால் 97.1. எதிர்த்தரப்பு ‘வெறும் 32 சதவீதம்தான்’ என்று சொல்வதும் தவறு. ஒரு சர்க்கரை நோய்க் கட்டுரையின் சுருக்கத்தில் இன்சுலின் உண்டு என்று நிரூபித்துக்கொண்டிருப்பார்களா? ஆனாலும் இந்த 97-ஐ வாதத்துக்கு முதல் ஆயுதமாக எடுப்பவர்களைப் பார்த்தால் எங்களுக்குச் சலிப்புதான். கார்பன்-13-ஐ எடுத்துக் காட்டினால் எதிராளி அளவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். 97 என்றால் ஆள் எண்ணிக்கையைப் பற்றித்தான் பேசுவார்.

கே: 2035-ல் இமயமலைப் பனி முழுவதும் உருகிவிடும் என்று ஐ.நா. அறிக்கையே சொல்லிப் பிறகு பின்வாங்கியதே?
– கே.எஸ்., மதுரை

ப: ஆம், பின்வாங்கியது, அதற்குக் காரணமானது இந்தியாவில் நடந்த சண்டை. ஐ.பி.சி.சி. எனப்படும் ஐ.நா. பருவநிலைக் குழுவின் 2007 அறிக்கையின் இரண்டாம் தொகுதியில் அந்த வரி இருந்தது. 2009 நவம்பரில், அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முன்னாள் அதிகாரி வி.கே. ரெய்னா எழுதிய அறிக்கையை வெளியிட்டார். பனியாறுகள் அசாதாரணமாக உருகுவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது அது. ஐ.பி.சி.சி. தலைவர் ஆர்.கே. பச்சௌரி அதை மாந்திரீகம் என்று எள்ளினார். இரண்டே மாதத்தில், 2010 ஜனவரியில், 2035 என்பது தவறு என்று ஐ.பி.சி.சி. வருத்தம் தெரிவித்தது.

அந்த வரி ஆய்விதழ் எதிலிருந்தும் எடுக்கப்படவில்லை. ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் அறிக்கையிலிருந்து எடுத்தார்கள். அந்த அறிக்கை 1999-ல் வந்த ஒரு பத்திரிகைச் செய்தியிலிருந்து எடுத்திருந்தது. சரிபார்த்தவர்கள் சிலர் கேள்வி எழுப்பியும் திருத்தப்படவில்லை. பனியாறுகளை இயற்பியலாகப் பார்க்கும் முதல் தொகுதியில் அந்த எண் கிடையாது. நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமன் கொண்ட பனி 28 ஆண்டில் எப்படிக் கரையும் என்பது பனியாற்று ஆய்வாளர் எவருக்கும் உடனே எழும் கேள்வி. எள்ளல் இன்னும் பெரிய தவறு என்பது எங்கள் எண்ணம்.

உருகுவது பொய் என்று இதற்குப் பொருளில்லை. காத்மாண்டுவில் உள்ள, மலைப்பகுதிகளை ஆராயும் இசிமோட் மையம் 2023-ல் சொன்னபடி, இந்து குஷ்–இமயமலைப் பனியாறுகள் 2011–2020-ல் அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் வேகமாகக் கரைந்தன. காரகோரம் பகுதியின் சில பனியாறுகள் மட்டும் நெடுநாள் மாறாமல் நின்றன.

கே: 2015 சென்னை வெள்ளம் பருவநிலை மாற்றத்தால் வந்ததா?
– ம.தி., தாம்பரம்

ப: உங்கள் ஊரில்தான் அன்று 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது. அந்த மழையைப் பற்றி, டெல்லி ஐஐடி உள்ளிட்ட பன்னாட்டு ஆய்வாளர்கள் குழு ஒன்று ஆராய்ந்தது. மழைமானிப் பதிவுகளில் இத்தகைய பெருமழை அடிக்கடியாகி வருவதற்கான போக்கு தெரியவில்லை. வெப்பமாதலின் கைரேகை இந்த மழையில் கண்டறிய முடியவில்லை என்று எழுதினார்கள். வெப்பத்தைத் தடுக்கும் பசுங்குடில் வாயுக்களின் விளைவைத் தூசு மாசு ஈடுகட்டியிருக்கலாம் என்றும் ஒரு குறிப்பு. எல்லா வெள்ளத்துக்கும் பருவநிலையையே காரணம் சொல்பவர்கள் இதைப் படிப்பதில்லை. அதில் ஆட்சியாளர்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது: வானத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால், செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததைப் பற்றியும், சதுப்புநிலத்தில் எழுந்த கட்டடங்களைப் பற்றியும் யாரும் கேட்கமாட்டார்கள். மத்திய தணிக்கைத் துறை பின்னர் அதை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றே எழுதியது. வருங்காலப் பெருமழைகள் தீவிரமாகும் என்ற கணிப்புக்கு இதனால் பங்கமில்லை. ஒரு குறிப்பிட்ட மழையும் பொதுப் போக்கும் வேறு வேறு.

கே: உலகம் 1.5 டிகிரி ஏறிவிட்டது என்கிறார்கள். இந்தியாவில் அவ்வளவு ஏறவில்லையே?
– எம்.ஏ., வேலூர்

ப: சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். உலக வானிலை அமைப்பு 2024-க்குச் சொன்னது, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிடச் சுமார் 1.55 டிகிரி. இந்தியாவில் 1901 முதல் 2018 வரை சுமார் 0.7 என்றது மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 மதிப்பீடு. தொடக்க ஆண்டு வேறு என்பதைத் தள்ளிவிட்டாலும், நிலப்பரப்புக்கு இது குறைவுதான். சொல்லப்படும் காரணங்களில் முதலாவது புகை. கங்கைச் சமவெளியின் மேல் நிற்கும் தூசும் சல்பேட்டும் வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன. இரண்டாவது, பாசனப் பரப்பின் ஈரம்.

இந்தப் புகையை 1999-ல் இந்தியப் பெருங்கடலில் பெரிய அளவில் அளந்தவர்களில் முதன்மையானவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வீரபத்ரன் ராமநாதன். 2002-ல் ‘ஆசியப் பழுப்பு மேகம்’ என்று ஐ.நா. அறிக்கை வந்தபோது, ‘ஆசியா’ என்று முத்திரை குத்துவதை இந்தியத் தரப்பு கடுமையாக எதிர்த்தது. புகையைச் சுத்தம் செய்தால் மறைந்திருந்த சூடு வெளிப்படும் என்பது இதில் உள்ள சங்கடம். 2020-ல், சல்பேட் புகையை உண்டாக்கும் கப்பல் எரிபொருளின் கந்தக வரம்பை 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைத்தார்கள். 2023-ல் வெப்பம் திடீரென்று தாவியதற்கு இதன் பங்கு எவ்வளவு என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே சண்டை. அமெரிக்கப் பருவநிலை விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் தரப்பு பெரிய பங்கு என்கிறது. மற்றவர்கள் பலர் சிறியது என்கிறார்கள். கரியமில வாயு இரட்டிப்பானால் எத்தனை டிகிரி என்பதிலும் 2.5 முதல் 4 வரை இழுபறி. மேகங்கள்தான் அங்கே பெரிய தலைவலி. உண்மையான அறிவியல் சண்டை வேண்டுமென்றால் இவற்றைப் பாருங்கள்.

கே: நெல் வயலிலிருந்து வரும் மீத்தேன்தான் காரணம் என்று எங்களைக் குறை சொல்கிறார்கள். அமெரிக்கக் காரை விட்டுவிட்டுக் காவிரிப் படுகை விவசாயியைப் பிடிப்பது என்ன நியாயம்? காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால் குறையுமா?
– வி.கோ., மன்னார்குடி

ப: உங்கள் கோபத்துக்கு வரலாறே சாட்சி. இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு 3.78 கோடி டன் மீத்தேன் விடுவதாக 1990 வாக்கில் அமெரிக்காவிலிருந்து ஒரு மதிப்பீடு வந்தது. ஐரோப்பிய, அமெரிக்க வயல்களில் அளந்ததை இந்தியாவின் மொத்தப் பரப்பால் பெருக்கியிருந்தார்கள். ஏ.பி. மித்ரா தலைமையில் புதுடெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் 1991-ல் நம் வயல்களிலேயே வாயுவைப் பிடிக்கும் பெட்டி வைத்து அளந்தது. கிடைத்தது சுமார் 40 லட்சம் டன். ஒன்பதில் ஒரு பங்கு. நம் நிலத்தில் பாதிக்கு மேல் எப்போதும் தண்ணீர் நிற்பதில்லை, மண்ணில் அங்ககச் சத்தும் குறைவு. அதே ஆண்டு இந்தியச் சூழலியலாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், பிழைப்புக்கான உமிழ்வையும் சொகுசுக்கான உமிழ்வையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்று எழுதியது இந்தப் பின்னணியில்தான்.

மீத்தேனைக் கணக்கிடும் முறையிலும் அரசியல் உண்டு. ஒரு கிலோ மீத்தேன், 100 ஆண்டுக் கணக்கில் 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 20 ஆண்டுக் கணக்கில் சுமார் 80 கிலோ. எந்தக் கணக்கை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விவசாயியின் ‘குற்றம்’ மூன்று மடங்காகும். அது சுமார் 12 ஆண்டில் கரைந்துவிடும் வாயு என்பதால், நெல் பரப்பு கூடாதவரை புதிதாகச் சூடேறுவதில்லை. நிலக்கரி அப்படியல்ல.

இனி வயலுக்கு வருவோம். காய்ச்சலும் பாய்ச்சலும் பலன் தரும். தண்ணீர் நின்றால் மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்து மீத்தேன் நுண்ணுயிர்கள் பெருகும். உண்டான வாயு பெரும்பாலும் பயிரின் தண்டு வழியாகவே வெளியேறும். இடையில் காயவிட்டால் காற்று புகுந்து அந்த நுண்ணுயிர்கள் ஒடுங்கும். ஐ.பி.சி.சி.யின் கணக்குப்படி, தொடர்ந்து நீர் நிற்கும் வயலை ஒப்பிட, ஒருமுறை காயவிட்டால் 29 சதவீதமும், பலமுறை காயவிட்டால் 45 சதவீதமும் மீத்தேன் குறையும். விளைச்சல் குறையாமல் தண்ணீர் 30 சதவீதம்வரை மிச்சமாகும். பணம் தருவது இந்த மிச்சம்தான். டீசல் என்ஜின் போட்டு இறைப்பவர்களுக்குக் கூடுதலாக.

செய்முறை: 30 செ.மீ. நீளமும் 10 முதல் 15 செ.மீ. விட்டமும் உள்ள பிவிசி குழாய்த் துண்டு. அடிப்பாதியில் சுற்றிலும் 2 செ.மீ. இடைவெளியில் அரை செ.மீ. துளைகள் போடுங்கள். துளையுள்ள பாதி மண்ணுக்குள்ளும் மீதி 15 செ.மீ. வெளியிலும் இருக்கும்படி, வரப்பிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரத்தில், மேடும் பள்ளமும் இல்லாத இடத்தில் இறக்குங்கள். உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிடுங்கள். தண்ணீர் நிற்கும்போது குழாய்க்குள்ளும் வெளியிலும் மட்டம் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் துளை அடைத்திருக்கிறது. நட்ட ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தொடங்கலாம். 5 செ.மீ. நிறுத்திவிட்டு மடையை அடையுங்கள். குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே போனதும் மறுபடி 5 செ.மீ. பாய்ச்சுங்கள். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்புவரை காயவிடவே கூடாது. அப்போது காய்ந்தால் பதர் கூடும்.

எங்கே கெடும்? களை முதலில். களை மண்டியிருந்தால் இரண்டு மூன்று வாரம் தண்ணீர் நிறுத்தி அடக்கிவிட்டுப் பிறகு தொடங்குங்கள். வயல் சமமாக இல்லாவிட்டால் மேட்டில் பயிர் வாடும், பள்ளத்தில் மீத்தேன் குறையாது; நடவுக்கு முன் சமன்படுத்துவதே பாதி வேலை. தழைச்சத்து உரத்தை ஈரம் வற்றிய வயலில் போட்டு உடனே தண்ணீர் பாய்ச்சுங்கள். போட்டுவிட்டுக் காயவிட்டால் நைட்ரஸ் ஆக்சைடாகப் போய்விடும். அது கரியமில வாயுவைவிட சுமார் 270 மடங்கு வலுவானது, மீத்தேனில் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். உவர் நிலத்தில் இந்த முறை வேண்டாம். காயக் காய உப்பு மேலேறும். வைக்கோலைச் சேற்றில் மடக்கி உழுபவர்கள், தண்ணீர் கட்டுவதற்கு ஒரு மாதம் முன்பே மடக்கினால் மீத்தேன் நன்றாகக் குறையும்.

படுகையின் பெரிய தடை வேறு. வாய்க்காலில் முறை வைத்து விடுகிற தண்ணீர், உங்கள் குழாய்க்குள் 15 செ.மீ. இறங்கிய நாளில் வராது. அடுத்த முறை எப்போது என்று தெரியாதவர் வந்த தண்ணீரைத் தேக்கத்தான் செய்வார். ஆழ்துளைக் கிணறு உள்ளவருக்கு எளிதான இந்த முறை, கடைமடைக்காரருக்கு எளிதல்ல. கார்பன் கிரெடிட் (உமிழ்வைக் குறைத்ததற்கான, விற்கக்கூடிய சான்று) வாங்கித் தருகிறோம் என்று வரும் நிறுவனங்களிடம் கையெழுத்திடும் முன், கிரெடிட் யார் பெயரில் பதிவாகும், பணம் எந்த மாதம் எந்த விலையில், முறைத் தண்ணீர் தவறினால் அபராதம் உண்டா என்ற மூன்றையும் தமிழில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: உமிழ்வில் இந்தியா உலகில் மூன்றாவது. பிறகு மற்றவர்களைக் குறை சொல்லலாமா?
– தி.ப., பெங்களூர்

ப: மொத்தமாக மூன்றாவது, தலைக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 2 டன். உலகச் சராசரி 4.7, சீனா 8-க்கு மேல், அமெரிக்கா சுமார் 14. இதுவரை சேர்ந்த கரியமில வாயுவில் அமெரிக்காவின் பங்கு கால்வாசி, ஐரோப்பாவுடையது ஐந்தில் ஒன்றுக்கு மேல், இந்தியாவுடையது 3–4 சதவீதம். பொறுப்பு பொது, பங்கு வேறு என்று 1992 ரியோ ஒப்பந்தம் எழுதியது. 1997-ல் அமெரிக்க செனட், வளரும் நாடுகளையும் கட்டுப்படுத்தாத ஒப்பந்தத்தை ஏற்கமாட்டோம் என்று 95–0 என வாக்களித்தது. அந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை. 2024-ல் பாகூவில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில், வளரும் நாடுகளுக்கான நிதி 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று முடித்தபோது, இது போதாது என்று மேடையிலேயே எதிர்த்தது இந்தியா.

எதிர்வாதத்திலும் வலு உண்டு. காற்றுக்கு மொத்தக் கணக்குதான் தெரியும், தலைக்கணக்கு தெரியாது. அதைவிடக் கூர்மையானது: இந்தியாவின் 2 டன் சராசரிக்குப் பின்னால், மூன்று ஏ.சி.யும் இரண்டு காரும் வைத்திருப்பவர், மின்விளக்கு மட்டும் உள்ளவரின் பங்கை இரவல் வாங்கி ஒளிந்துகொள்கிறார். தலைக்கணக்கை நாடுகளுக்கிடையே கேட்பவர்கள் நாட்டுக்குள்ளும் கேட்க வேண்டும் என்பதே எங்கள் நிலை.

கே: மரம் நட்டால் சரியாகிவிடுமா?
– எஸ்.பி., ஊட்டி

ப: நன்கு வளர்ந்த மரம் ஆண்டுக்குச் சுமார் 20 கிலோ கரியமில வாயுவை எடுக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் 2.3 கிலோ விடும்; 14.2 கிலோ சமையல் சிலிண்டர் சுமார் 42 கிலோ. மாதம் 20 லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 28 மரங்கள் ஆண்டு முழுதும் வேலை செய்ய வேண்டும். பட்டுப்போனாலோ எரிந்தாலோ எல்லாம் திரும்பிவிடும். நிழலுக்கு நடுங்கள். உங்கள் ஊர்ப் புல்வெளியில் மட்டும் வேண்டாம். வாட்டில் மரங்களை நட்டுச் சோலைப் புல்வெளிகளை இழந்தது போதும்.

கே: வீட்டில் செய்யக்கூடியது என்று ஒன்றைச் சொல்லுங்கள், ‘விளக்கை அணையுங்கள்’ தவிர.
– பானு, திருநெல்வேலி

ப: ஏ.சி.க்கு ஆண்டுதோறும் கேஸ் நிரப்புவதை நிறுத்துங்கள். ஏ.சி.யில் கேஸ் செலவாகும் பொருளல்ல. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். ஆர்-410ஏ கேஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால் 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். நம் மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 0.72 கிலோ என்று வைத்தால், 2,900 யூனிட் எரித்ததற்கு ஈடு. ஆர்-32 என்றால் 675 கிலோ. ஆர்-290-க்கு மிகச் சொற்பம், ஆனால் எளிதில் தீப்பற்றும். தெரிந்த மெக்கானிக் மட்டுமே தொடலாம். எந்த கேஸ் என்பது வெளி யூனிட்டின் ஸ்டிக்கரில் இருக்கும்.

மெக்கானிக் வந்ததும் ‘டாப்-அப்’ வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். மிச்சமிருக்கும் கேஸை வெளியே விடாமல் காலி சிலிண்டரில் பிடிக்கச் சொல்லுங்கள். பிறகு நைட்ரஜன் அடைத்து அழுத்தம் நிற்கிறதா பார்க்க வேண்டும். செம்புக் குழாய் சேரும் ஃபிளேர் நட்டிலும், காயிலின் வளைவுகளிலும் சோப்பு நுரை தடவினால் குமிழ் வரும் இடம்தான் ஓட்டை. அடைத்தபின் வாக்குவம் பம்பு அரை மணி நேரமாவது ஓட வேண்டும். ஈரம் தங்கினால் கம்ப்ரஸர் கெடும். கேஸை அழுத்தமானி பார்த்து அல்ல, தராசில் சிலிண்டரை வைத்து, ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவுக்கே ஏற்ற வேண்டும். தராசு கொண்டுவராதவரைத் திருப்பி அனுப்பலாம்.